கரண்ட் முதலில், கேஸ் கடைசியில்: நிலநடுக்கத்துக்குப் பிறகு செண்டாய் நகரில் நாளை ஓட்டிய விதம்

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46-க்கு வடகிழக்கு ஜப்பானில் வந்த 9.0 அளவு நிலநடுக்கம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கடலோரம்தான். அது நியாயமும்கூட. உயிர் போனது அங்கே. ஆனால் சுனாமி எட்டாத செண்டாய் நகரின் நடுப்பகுதியில், கட்டடம் நிற்கிறது, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் இல்லை என்ற நிலையில் லட்சக்கணக்கானவர்கள் இருந்தோம். ஆட்டம் வந்தால் மேஜைக்கடியில் போக வேண்டும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கடுத்த ஒரு மாதத்தைத் தனியாக, வாடகை வீட்டில், அரைகுறை ஜப்பானிய மொழியோடு எப்படிக் கழிப்பது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். சில விதிகள் பிறகு மாறிவிட்டன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இயல்பு நிலை ஒரே நாளில் திரும்பாது என்பதுதான். துண்டு துண்டாக வரும், அதற்கென்று ஒரு வரிசையும் உண்டு. முதலில் கரண்ட், பிறகு தண்ணீர், கடைசியில் கேஸ். 1995 நிலநடுக்கத்தின்போது கோபேயிலும் இதே வரிசைதான், 2016 நிலநடுக்கத்தின்போது குமாமோட்டோவிலும் இதே வரிசைதான். வடகிழக்கில் மின்சாரம் போனது ஏறத்தாழ 46.6 லட்சம் வீடுகளில். அதில் 80 சதவீதத்துக்கு மூன்றே நாளில் திரும்பிவிட்டது. செண்டாயில் தண்ணீர் நின்றது சுமார் 5 லட்சம் பேருக்கு. சுனாமிப் பகுதி நீங்கலாக மார்ச் 29-இல் சரியானது. கேஸ் முடிய ஏப்ரல் 16 ஆனது. எது எப்போது வரும் என்ற இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் எதைச் சேமிக்கலாம், எதற்கு அலையலாம், ஊரை விட்டு எப்போது கிளம்பலாம் என்று நிதானமாக முடிவெடுக்கலாம். தெரியாதபோது ஒவ்வொரு நாளும் "நாளைக்கு வந்துவிடும்" என்று நினைத்தே போகும். அந்த நினைப்பு ஆளை உள்ளுக்குள் அரித்துவிடும்.

கரண்ட் விஷயத்தில் ஆபத்து அது போகும்போது இல்லை, திரும்பி வரும்போதுதான். கவிழ்ந்து கிடக்கும் ஹீட்டர்மேல் துணி விழுந்திருக்கும், விளக்கு படுக்கைமேல் சாய்ந்திருக்கும், பீரோவுக்கு அடியில் ஒயர் நசுங்கியிருக்கும். ஆள் இல்லாத வீட்டில் திடீரென்று மின்சாரம் பாய்ந்தால் தீ. கோபேயில் இது பெரிய பாடமானது. அதனால் வீட்டை விட்டு வெளியேறும்போது மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். ஜப்பானிய வீட்டின் பிரேக்கர் பெட்டி பெரும்பாலும் வாசல் பக்கமோ குளியலறைக்கு வெளியேயோ, தலைக்கு மேலே இருக்கும். இடது ஓரத்தில் ஆம்பியர் எழுதிய மெயின், நடுவில் மின்கசிவு இருந்தால் விழும் பிரேக்கர், வலப்பக்கம் வரிசையாகச் சின்ன பிரேக்கர்கள். கரண்ட் வந்தது தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிவிடக் கூடாது. முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சின்ன பிரேக்கர் அத்தனையையும் இறக்குங்கள். மெயினைத் தூக்குங்கள், பிறகு நடுவில் உள்ளதை. அதன் பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, இடையில் சற்றுப் பொறுங்கள். எதைத் தூக்கும்போது நடுவில் இருப்பது பட்டென்று விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம்.

கரண்ட் வந்துவிட்டால் லிஃப்ட்டும் ஓடும் என்று நினைக்காதீர்கள். பெரிய ஆட்டத்தில் லிஃப்ட் தானாக நின்றுகொள்ளும். டெக்னீஷியன் நேரில் வந்து பார்த்தால்தான் மறுபடி ஓடும். நகரமெங்கும் ஒரே நேரத்தில் நின்றால் ஆள் வர எத்தனை நாளாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீடு தேடும்போது எட்டாவது மாடியில் நல்ல வெளிச்சம், நல்ல காற்று என்று மயங்குபவர்கள் 10 லிட்டர் தண்ணீரை மாடிப்படியில் சுமப்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு வருவோம். உங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். கீழே தொட்டியில் நிரப்பி பம்ப் போட்டு ஏற்றும் கட்டடமானால், நகரக் குழாயில் தண்ணீர் இருந்தாலும் கரண்ட் இல்லாதபோது உங்கள் குழாய் வறண்டுதான் இருக்கும். ஆனால் அதே கட்டடத்தில் கீழ்த்தொட்டி நிறைய தண்ணீர் இருக்கும். தொட்டியின் அருகில் ஒரு குழாய் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். கட்டட நிர்வாகியிடம் கேட்டால் காட்டுவார். பக்கத்துத் தெருவில் தனி வீட்டில் தண்ணீர் வருகிறது, நமக்கு இல்லையே என்று பலர் குழம்பியதற்குக் காரணம் இதுதான். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்பது ஜப்பானில் எல்லோரும் சொல்லும் கணக்கு. லாரித் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கேன் இல்லையென்றால் முதுகுப் பையில் 45 லிட்டர் குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக விரித்து, பாதிக்கும் குறைவாகப் பிடித்து, இறுக்கிக் கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கையில் தூக்குவதைவிடப் படியேற இது எவ்வளவோ மேல். மார்ச் மாதம் செண்டாயில் பனி விழும். வெறும் கையோடு அந்த வரிசையில் நின்றால் விரல் மரத்துப்போகும், கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

தண்ணீர் திரும்பும் நாளில் முதலில் வருவது காற்று, பிறகு துருநிறக் கலங்கல். அதை டாய்லெட் தொட்டிக்கோ வெந்நீர்க் கருவிக்கோ விட்டால் உள்ளே இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கருவி கெடும். சமையலறையில் குளிர்நீர்க் குழாயை மட்டும் மெல்லத் திறந்து, தெளியும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் வாளியில் பிடித்து வைக்கலாம்.

டாய்லெட்டைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும், ஏனென்றால் முதல் சில மணி நேரத்திலேயே பிரச்சினையாகி நிற்பது அதுதான், பசிகூட அப்புறம்தான். வாளித் தண்ணீரை ஊற்றினால் போய்விடுமே என்று தோன்றும். தனி வீட்டில் சரி. அடுக்குமாடியில் கழிவுக் குழாய் எங்கேயாவது விலகியிருந்தால் நீங்கள் ஊற்றியது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். கட்டட நிர்வாகம் குழாயைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஊற்றாமல் இருப்பதுதான் முறை. அதுவரை கழிவை உறைய வைக்கும் பொடியோடு விற்கும் டாய்லெட் பைகள்தான் வழி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து என்று கணக்கு. போடும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஒரு சாதாரணப் பையைக் கிண்ணத்தில் விரித்து இருக்கைக்குக் கீழே மடக்கி அப்படியே விட்டுவிட வேண்டும். அதன்மேல்தான் ஒவ்வொரு முறையும் புதுப் பை. அடிப் பை இல்லாவிட்டால் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் தண்ணீர் மேல்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது வீடெல்லாம் சொட்டும். குழாய் சரி என்று தெரிந்தபின் ஊற்றுவதென்றால் தொட்டியில் ஊற்றாமல் நேராகக் கிண்ணத்தில், சுமார் 6 லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பிறகு இன்னும் 3, 4 லிட்டர் மெதுவாக. இரண்டாவது ஊற்றைத் தவிர்த்தால் கழிவு குழாயின் நடுவழியில் நின்று காய்ந்துவிடும்.

தண்ணீர் வந்த பிறகும் நகராட்சி "குறைவாக விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது பலருக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் கடலோரத்தில் இருந்தது. நகரக் கழிவுநீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் சுத்திகரித்த மினாமி காமோ நிலையம் சுனாமியில் சிதைந்துபோனது. நகரத்திலிருந்து அங்கே கழிவுநீர் பம்ப் இல்லாமல், சரிவின் போக்கிலேயே ஓடிப் போகும்படி முன்னோர் அமைத்திருந்ததால்தான் தெருக்களில் பொங்கவில்லை. அந்த நிலையம் முழுதாக மறுபடி எழும்ப 2016 ஆனது.

சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் ஒரு பத்தி போதும். கரண்ட் இல்லாத நாட்களில் கார்டு செல்லாது, ஏடிஎம் இல்லை. கடைகள் வாசலில் மேஜை போட்டு, ஒருவருக்கு இத்தனை சாமான் என்று அளவு வைத்து, கால்குலேட்டரில் தட்டி விற்றன. 10,000 யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1,000 யென் நோட்டும் 100 யென் நாணயமுமாக ஒரு உறையில் 20,000 யென் வீட்டில் இருக்கட்டும். வங்கிப் புத்தகமோ கார்டோ தொலைந்தாலும், பேரிடர் சமயத்தில் அடையாளத்தைக் காட்டினால் ஒரு அளவு வரை பணம் தரும்படி அரசும் மத்திய வங்கியான ஜப்பான் வங்கியும் வங்கிகளைக் கேட்டுக்கொள்ளும். 2011-இல் பல வங்கிகள் 1 லட்சம் யென் வரை கொடுத்தன. நம்மவர்களுக்கு ஒரு வசதி, வீட்டில் அரிசி, பருப்பு, ரவை, மிளகாய்ப்பொடி எப்போதும் இருக்கும். அதைச் சமைக்கத்தான் அடுப்பு வேண்டும். கையடக்க கேஸ் அடுப்பும் 250 கிராம் டின்களும் ஒவ்வொரு சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், நிலநடுக்கத்துக்கு முந்தைய நாள் வரை. ஒரு டின் முழுத் தீயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். குளிரில் டின் சில்லிட்டுப்போனால் தீ படுத்துவிடும். அறைச் சூட்டில் வைத்து எரியுங்கள். டின் இருக்கும் பக்கத்தை மூடும் அளவுக்குப் பெரிய குண்டானையோ தோசைக்கல்லையோ வைக்காதீர்கள், சூடேறி வெடிக்கும். நம் வீட்டுக் குண்டான்களுக்கு இந்த எச்சரிக்கை ரொம்பவே பொருந்தும்.

பெட்ரோல் ஒரு தனிக் கதை. செண்டாய் துறைமுகத்துச் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடித்தது, சாலையும் ரயிலும் சிதைந்திருந்தன. ஷியோகமா துறைமுகத்துக்கு முதல் எண்ணெய்க் கப்பல் வந்ததே மார்ச் 21-இல்தான். வடகிழக்கு விரைவுச்சாலை பொதுமக்களுக்கு மார்ச் 24-இல் திறந்தது. இடைப்பட்ட நாட்களில் பெட்ரோல் பங்க்குகளுக்கு வெளியே கார் வரிசை தெருக்களைத் தாண்டி நீண்டது. விடிவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்கினார்கள். அரை டேங்க் குறைந்ததும் நிரப்பிவிடும் பழக்கம் இருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. சைக்கிள்தான் அப்போது ராஜா. சுரங்க ரயிலைப் பொறுத்தவரை, நம்போக்கு வழித்தடத்தின் தெற்குப் பகுதி, தோமிசவா முதல் தாய்னோஹரா வரை, மார்ச் 14-ஆம் தேதியே ஓடத் தொடங்கியது. முழுப் பாதையும் ஏப்ரல் 29-இல். அதே நாளில்தான் புல்லட் ரயிலும் வடகிழக்கு முழுக்க இணைந்தது. அதுவரை வேலைக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவரும் நடந்துதான் வந்திருப்பார்.

இனி கேஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுமை போவது இங்கேதான். ஒவ்வொரு வீட்டு மீட்டருக்குள்ளும் ஆட்டத்தை உணரும் கருவி உண்டு. அந்தந்த இடம் எவ்வளவு ஆடியது என்று சொல்லும் ஜப்பானிய அளவுகோலில் ஆட்டம் 5 என்ற அளவுக்கு வந்தால் அது தானாக அடைத்துக்கொள்ளும். பல அடுக்குமாடிகளில் இந்த மீட்டர் வாசற்கதவுக்குப் பக்கத்து இரும்புக் கதவுக்குள் இருக்கும். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பு, வெந்நீர்க் கருவி, ஹீட்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டரின் பொத்தான் மூடியைக் கழற்றி, பொத்தானை நன்றாக உள்ளே அழுத்தி விட வேண்டும். பிறகு மூன்று நிமிடம் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று மீட்டர் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளும். விளக்கு அணைந்தால் பற்றவைக்கலாம். மறுபடி மினுக்கினால் எங்கோ கசிகிறது, அல்லது ஏதோ ஒரு திருகு திறந்திருக்கிறது. முதலில் மூக்கை நம்புங்கள்: வாடை வந்தால் பொத்தான் வேலையெல்லாம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வெளியே போங்கள். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஃபேன் சுவிட்சையும்கூட.

ஆனால் செண்டாயில் பொத்தானை அழுத்தி ஒரு பயனும் இல்லை. துறைமுகத்தில் இருந்த நகர கேஸ் ஆலையையே சுனாமி அடித்துவிட்டது. ஏறத்தாழ 3.6 லட்சம் வீடுகளுக்கு மொத்தமாக நின்றது. நல்லவேளை, நீகட்டாவிலிருந்து மலைகளைத் தாண்டி வரும் குழாய் தப்பியிருந்தது. அதைக் கொண்டு மார்ச் 23-இல் மறுபடி விடத் தொடங்கினார்கள். குழாயில் கேஸ் வந்துவிட்டது, பிறகு ஏன் நம் வீட்டுக்கு இல்லை என்று கேட்பீர்கள். கரண்ட்டைத் துணைமின் நிலையத்தில் இருந்தபடியே ஒரு பகுதிக்கு மொத்தமாகப் போட்டுவிடலாம். கேஸை அப்படி விட முடியாது. முதலில் அந்தப் பகுதியின் ஒவ்வொரு வீட்டு வால்வையும் ஆள் போய் அடைக்க வேண்டும். பிறகு நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தெருவுக்கடியில் போகும் குழாயில் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேட வேண்டும். விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் அதை உறிஞ்ச வேண்டும். அதன் பிறகு திரும்பவும் வீடுவீடாக வந்து வால்வைத் திறக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும். உங்கள் பங்கு வருவது இங்கேதான்.

எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்ற பட்டியல் முன்கூட்டியே வரும். அந்த நாளில் ஆள் இல்லையென்றால் ஒரு சீட்டைக் கதவில் சொருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்ப அழைக்க அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணுக்குத்தான் போன் செய்ய வேண்டும், அந்த லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேலையில் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டாரிடமோ நண்பரிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வயது வந்த ஒருவர் இருந்தால் போதும். வீட்டுக்குள் வருபவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கலாம். எங்களுக்கு வந்தவரின் சட்டையில் வேறு ஊர்க் கம்பெனியின் பெயர் இருந்தது. நாடெங்கும் இருந்து அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் வந்திருந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மீட்டரில் அழுத்தமானியைச் சொருகி ஊசி இறங்குகிறதா என்று பார்த்தார். அடுப்பின் ஒவ்வொரு பர்னரையும் பற்றவைத்து, தீ நீலமாக நிற்கும்வரை குனிந்து பார்த்தார். குளியலறைக் கருவியின் புகைக்குழாய் விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சாமான் குவிந்திருந்தால், கருவியின் முன் பீரோ சாய்ந்திருந்தால் வேலை நடக்காது. அதை மட்டுமாவது ஒழுங்கு செய்து வையுங்கள்.

இந்த ஒரு மாதமும் சிரமப்படாத வீடுகளும் இருந்தன: சிலிண்டர் கேஸ் வீடுகள். கட்டடத்துக்குப் பின்னால் சங்கிலி போட்டு நிற்கும் பெரிய சிலிண்டர்களுக்கு நகரக் குழாயோடு தொடர்பே இல்லை. பரிசோதித்துப் பொத்தானை அழுத்தினால் பல வீடுகளில் சில நாட்களிலேயே அடுப்பு எரிந்தது. மாதக் கட்டணம் குழாய் கேஸைவிட அதிகம் என்பதால் வாடகைக்குப் பார்ப்பவர்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். நான் இப்போது தள்ளமாட்டேன்.

கரண்ட் வந்து கேஸ் வராத அந்த இடைவெளியில் குளிப்பது எப்படி? நகரத்தின் எல்லையில் இருக்கும் அகியு, சகுனாமி வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு ஜனங்கள் படையெடுத்தார்கள்; போக பெட்ரோல் வேண்டுமே. வீட்டில் கெட்டில்தான். 1,300 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க ஐந்து நிமிடம். நான்கு லிட்டர் கொதிநீரோடு குழாயில் வரும் ஆறு லிட்டர் சில்லிட்ட நீரைக் கலந்தால் 40 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு வாளி வெந்நீர். தொட்டியில் முங்கிக் குளித்தே பழகிய ஜப்பானிய நண்பர்கள் ஒரு வாளியில் எப்படி முடியும் என்று திகைத்தார்கள். சொம்பு வைத்துக் குளித்து வளர்ந்த நமக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கவனிக்க வேண்டியது ஆம்பியர். 30 ஆம்பியர் இணைப்பென்றால் 100 வோல்ட்டில் மொத்தமே 3,000 வாட். கெட்டில் 1,300, மின் அடுப்பு 1,400, அதோடு ரைஸ் குக்கரையும் போட்டால் மெயின் விழுந்துவிடும். ஒரே பிளக்கில் 1,500 வாட்டுக்கு மேல் கூடவே கூடாது. நீட்டிப்பு ஒயரைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தினால் உருகும்.

ஏப்ரல் 7 இரவு 11:32. மறுபடி ஒரு பெரிய ஆட்டம், 7-க்கு மேற்பட்ட அளவு. எடுத்து அடுக்கிய தட்டு, புத்தகம் எல்லாம் மறுபடி கீழே. வடகிழக்கில் சுமார் 40 லட்சம் வீடுகளில் மறுபடி இருட்டு. முதல் ஆட்டத்தில் அழாதவர்கள் அன்றைக்கு அழுதார்கள், நானும்தான். குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் ஆடியதைப் பெரியது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பியவர்கள்மேல் 16-ஆம் தேதி அதிகாலை 7.3 வந்து விழுந்தது. அதன் பிறகுதான் வானிலை ஆய்வு மையம் "இனி வருவது சிறியதாகத்தான் இருக்கும்" என்ற தொனியை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு அதே அளவு ஆட்டத்தை எதிர்பாருங்கள் என்று சொல்லத் தொடங்கியது. ஆகவே அவசரப்பட்டு வீட்டை அடுக்காதீர்கள். ஒரு மாதமாவது கனமானதெல்லாம் தரையில் இருக்கட்டும். மைக்ரோவேவை மறுபடி ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரங்களைக் காலி செய்யாதீர்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பலாமா என்ற கேள்வி வெளிநாட்டவர் எல்லோருக்கும் வந்தது. ஃபுகுஷிமா அணு உலை செண்டாயிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். வீட்டிலிருந்து போன்மேல் போன். விமான நிலையம் சுனாமியில் மூழ்கிவிட்டதால் மலைக்கு அந்தப்பக்கம் யமகட்டாவுக்கு பஸ் பிடித்து அங்கிருந்துதான் போக முடிந்தது. போனவர்கள் பலர் கடைசி நேர டிக்கெட்டுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். டிக்கெட்டைவிடப் பெரிய நஷ்டம், மறுநுழைவு அனுமதி வாங்காமல் போனவர்களுக்கு. அந்த அனுமதி இல்லாமல் வெளியேறினால் விசாவே ரத்து. வேலையும் படிப்பும் அதோடு போனது. இப்போது 2012 ஜூலை முதல் நிலைமை எளிது: வசிப்போர் அட்டை இருந்தால், புறப்படும்போது குடியேற்றப் படிவத்தில் திரும்பி வருவதாகக் கட்டத்தில் குறியிட்டு, ஒரு வருடத்துக்குள் திரும்பலாம். அந்தக் கட்டத்தை எந்தப் பதற்றத்திலும் விடாதீர்கள். போவதா இருப்பதா என்பது அவரவர் மனசு. போனால் கோழை, இருந்தால் வீரன் என்றெல்லாம் அப்போது பேசினார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. போகிறவர்கள் வேலையிடத்துக்கும் வீட்டுக்காரருக்கும் எழுத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, பிரேக்கரை இறக்கி, மீட்டர் வால்வை மூடிவிட்டுப் போங்கள். சொல்லாமல் மறைந்தவர்கள் மீதுதான் கோபம் நீடித்தது. வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு வழியும் உண்டு: பேரிடர்ச் செய்திப் பதிவுக்கான 171-ஐ அழைத்து 1-ஐ அழுத்தி, தொலைபேசி எண்ணைக் கொடுத்து 30 வினாடி பதிவு செய்யலாம், ஜப்பானில் இருக்கும் நண்பர் 2-ஐ அழுத்திக் கேட்டு வீட்டுக்குச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் இதை ஒத்திகை பார்க்கலாம். செண்டாயில் நகராட்சி சார்பில் பன்மொழி உதவி மையமும் அந்த மார்ச் 11 முதல் ஏப்ரல் இறுதி வரை ஆங்கிலம், சீனம், கொரிய மொழிகளில் இயங்கியது.

பிறகு வருவது காகித வேலை. உங்கள் கட்டடத்தை மூன்று பேர் மூன்று காரணத்துக்காகப் பார்ப்பார்கள், மூன்றும் ஒன்றில்லை. முதலில் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சீட்டு ஒட்டுபவர்கள். அடுத்த ஆட்டத்தில் விழுமா, உள்ளே போகலாமா என்பது மட்டுமே அவர்கள் கேள்வி. சிவப்பு ஒட்டியிருந்தால் உதவித்தொகை வரும் என்று நினைப்பது தவறு. இரண்டாவது, வார்டு அலுவலகம் தரும் ரிசாய் ஷோமேய்ஷோ என்ற சேதச் சான்றிதழ். இதுதான் எல்லாச் சலுகைக்கும் திறவுகோல், வாடகைக்கு இருப்பவரும் வெளிநாட்டவரும் வாங்கலாம், கட்டணம் இல்லை. 2011-இல் சேதம் 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் முழுச்சேதம், 40 முதல் 50-க்குள் பெரிய அளவு பாதிச்சேதம், 20 முதல் 40-க்குள் பாதிச்சேதம், அதற்குக் கீழே பகுதிச்சேதம்; 2020-இல் 30-க்கும் 40-க்கும் இடையே நடுத்தரம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அடுக்குமாடியில் இந்த மதிப்பீடு கட்டடம் முழுமைக்கும் ஒன்றுதான், உங்கள் அறைக்குத் தனியாக இல்லை. 2011-இல் நன்கொடைப் பணத்தின் முதல் தவணை முழுச்சேதத்துக்கு 3.5 லட்சம் யென், பாதிச்சேதத்துக்கு 1.8 லட்சம். 19 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் விலை அந்த 1.8 லட்சம். முடிவு சரியில்லை என்று தோன்றினால் மறுஆய்வு கேட்கலாம். முதல் முறை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருப்பார்கள், இரண்டாம் முறை உள்ளேயும் பார்ப்பார்கள். வேண்டாம் என்று விட்டவர்கள்கூட பிறகு ஓடினார்கள்: ஜூன் 20 முதல் சான்றிதழ் காட்டினால் வடகிழக்கில் விரைவுச்சாலைக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததும் அலுவலகங்களில் கூட்டம் பிதுங்கியது.

மூன்றாவது, இன்சூரன்ஸ்காரர். வாடகை ஒப்பந்தத்தோடு கையெழுத்து வாங்கும் தீ இன்சூரன்ஸ் நிலநடுக்கத்துக்குச் செல்லாது, நிலநடுக்கத்தால் பற்றிய தீக்கும் செல்லாது. தனியாக நிலநடுக்க இணைப்பு எடுக்க வேண்டும், அதுவும் தீ காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான். சாமான்களுக்கு 40 லட்சம் யென் தீ காப்பீடு என்றால் நிலநடுக்கத்துக்கு அதிகபட்சம் 20 லட்சம். சாமான் சேதம் 10 சதவீதம் தொட்டால்தான் பகுதிச்சேதம், அதற்குத் தருவது 5 சதவீதம், அதாவது 1 லட்சம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். மைக்ரோவேவும் தட்டுகளும் ஃபிரிட்ஜில் கெட்ட சாமானும் என் கைக்காசிலிருந்து போனபோது அந்த 1 லட்சம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. ஒவ்வொரு பொருளின் விலையை அவர்கள் கூட்டிப் பார்ப்பதில்லை. பாத்திரம், மின்சாதனம், மேஜை பீரோ வகை, கைப்பொருள்கள், துணி படுக்கை என்று ஐந்து வகையில் எந்தெந்த வகை எவ்வளவு கெட்டது என்று பார்ப்பார்கள். எனவே துடைப்பத்தை எடுப்பதற்கு முன் கேமராவை எடுங்கள். அறையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், உடைந்ததை வகைவாரியாக ஒவ்வொரு படம், பின்னால் மாடல் எண் தெரிய மின்சாதனங்கள். குப்பைக்குப் போன பொருளை யாரும் நம்பமாட்டார்கள்.

சுவர் விரிசலையும் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து, தேதி தெரியும்படி எடுத்து, வீட்டு ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், வாயால் சொன்னது போதாது. வீட்டின் ஒரு பகுதி பயன்படாமல் போனால் அந்த அளவுக்கு வாடகை குறையும் என்பது 2020 ஏப்ரல் முதல் சட்டம். ஆனால் எந்த அறை, எந்த நாள் முதல் என்பதற்கு அந்த மின்னஞ்சல்தான் சாட்சி. வருடங்கள் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் போட வருபவர் அந்த விரிசலைப் பார்த்து யார் செய்தது என்று கேட்பார். நிலநடுக்கச் சேதத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. பழைய மின்னஞ்சலைத் திறந்து காட்டினால் அவர் பட்டியலில் அந்த வரியை அடித்துவிடுவார்.